வாளி நிறையும் நேரம்

நகராட்சி ஆபீசில் அவளை எல்லோரும் வாளிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது லிட்டர் வாளி, கழுத்தில் தொங்கும் விநாடிக் கடிகாரம், ஒரு கட்டுப் படிவம், இவற்றோடு வீடு வீடாகப் போவது அவள் வேலை. ஊரில் எந்தப் பக்கம் ஜனங்கள் சௌகரியமாக இருக்கிறார்கள், எந்தப் பக்கம் திண்டாடுகிறார்கள் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நகராட்சி அளந்து பார்க்கும். ஊரை முப்பத்தாறு வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்குப் பத்து வீடு சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குழாயில் வாளி நிறைய எத்தனை விநாடி, வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை அடி, உச்சி வெயிலில் சுவர் எவ்வளவு சுடுகிறது, தெருவில் நிழல் எவ்வளவு தூரம் என்று பார்த்து நூற்றுக்கு மார்க் போடுவார்கள். கடைசியாக வரும் நாலு வட்டாரத்துக்கு அந்த வருஷமே புதுத் தண்ணீர்க் குழாய்.

தன் வட்டாரத்தைத் தானே அளக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இந்தத் தடவை அவளுக்கு விழுந்தது ரயில் பாதைக்கு மேற்கே. சீட்டில் வந்த மூன்றாவது வீடு அவள் தங்கச்சி வீடு. கூடப்பிறந்தவள் வீட்டைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவே ஒரு பழைய கதை உண்டு. தங்கச்சி வீட்டுக்காரர் முதலில் பெண் பார்க்க வந்தது அக்காவைத்தான். திக்கித் திக்கிப் பேசுகிறார் என்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள். நாலு வருஷம் கழித்து அதே மனுஷரைத் தங்கச்சி சரி என்றாள். அவர் மேற்கே முள்ளுக்காட்டில் மனை வாங்கினபோது, "நரிதான் பக்கத்து வீட்டுல குடியிருக்கும்" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அங்கே ஆஸ்பத்திரி வந்தது, பஸ் வந்தது, இரண்டு பக்கமும் மரம் வைத்தார்கள். நரி எங்கே போனதோ தெரியாது. அக்காவுக்கு வாய்த்தவர் பஸ் டெப்போ மெக்கானிக். தங்கமான மனுஷர், சரளமாகப் பேசுவார். ஆனால் பேச்சை வாளியில் பிடிக்க முடியாதே.

"என்னக்கா, என் வீட்டையே சோதனை போட வந்துட்டியா?" என்று தங்கச்சி கதவைத் திறந்தாள்.

"உன் வீட்டை இல்லடி, உன் குழாயை."

வாளியை வைத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். தண்ணீர் கொட்டின வேகத்தில் அவள் புடவையெல்லாம் நனைந்தது. முப்பத்தெட்டு விநாடி.

"அது நல்லதா, கெட்டதாக்கா?"

தங்கச்சி நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிந்தது. அக்கா வீட்டு முற்றத்துக் குழாயில் அதே வாளி நிறையப் பதினோரு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம், கழுவத் தண்ணீர் இருந்தால். ஆனாலும் முப்பத்தெட்டு என்றே எழுதினாள். அழுத்தி எழுதினதில் எண் அடுத்த இரண்டு தாளிலும் பதிந்திருந்தது.

அடுத்த வாரம் அக்காவின் தெருவில் அளவு நடந்தது. சீட்டில் அவள் வீடும் வந்திருந்தது. வந்தவள் கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி. பொல்லாத நேரம் பாருங்கள், அப்போதுதான் தங்கச்சி ஒரு பை நிறையத் துணியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். "ரெண்டே தடவைதான்கா உடுத்தினேன்" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நகராட்சி லைன் குழாய் எது அக்கா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள்.

முற்றத்தைக் காட்டியிருக்க வேண்டும். கை சமையலறைப் பக்கம் நீண்டது. அங்கே இருந்தது மெக்கானிக் மாட்டின குழாய். காலையில் குடம் குடமாகச் சுமந்து மாடி டிரம்மை நிரப்பினால், அதிலிருந்து இறங்கும். பத்து வருஷம் வாளி பிடித்தவள் பொய் சொல்வாளா என்று கண்ணாடிக்காரியும் நம்பினாள். நாற்பத்தேழு விநாடி. அக்கா ஓரக்கண்ணால் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் பட்டியல் ஒட்டினார்கள். அவள் வட்டாரம் கடைசியிலிருந்து ஐந்தாவது. ஒரே ஒரு மார்க்கில் குழாய் போச்சு. எதிர் வீட்டு மூன்றாம் மாடித் தையல்காரி இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு படியில் நின்று மூச்சு வாங்கினாள். "நம்ம தெருவுல எந்த மகராசி வீட்டுல தண்ணி அருவியாக் கொட்டுதாம்? சொன்னா நானும் போய்க் குளிச்சிட்டு வருவேன்ல?"

வாளிக்காரி அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி மாடிக்கு ஏற்றிக் கொடுத்தாள்.

ஆட்சேபணை கொடுக்க ஏழு நாள். தப்பு நடந்தது என்று வீட்டுக்காரி எழுதிக் கொடுக்க வேண்டும். அளந்தபோது கூட இருந்த வெளி ஆள் ஒருத்தர் கையெழுத்தும் வேண்டும். கூட இருந்தது யார்? உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி, தங்கச்சிதான்.

ஆறு நாள் போக்கினாள். ஏழாம் நாள் காலையில் ரயில் பாதையைத் தாண்டினாள். நிழலிலேயே நடந்து போனது கூட அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தாளை நீட்டி, "அன்னைக்கு வந்தது டிரம் தண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"டிரம் தண்ணி இறங்கையில குழாய் குடுகுடுன்னு இருமும்ல. நம்ம வீட்டுலயும் அப்படித்தானே இருந்துச்சு. மறந்துட்டியா?"

"தெரிஞ்சும் ஏன்டி வாயைத் திறக்கல?"

"உன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரல."

தங்கச்சி கையெழுத்துப் போட்டாள். உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர், "அ...அண்ணி, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். வீட்டில் முந்தினாள், தெருவில் முந்தினாள், இப்போது நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டாளே என்று டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

ஆபீசில் எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நின்றாள். ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். இன்ஜினியரே வந்து முற்றத்துக் குழாயில் வாளி வைத்தார். பதினோரு நிமிஷம் பத்து விநாடி. பாதியிலேயே அவர் நாற்காலி கேட்டார். வட்டாரம் நாலாவதாக இறங்கியது.

மழை முடிந்ததும் குழாய் வந்தது. திறந்துவிட்ட அன்றைக்குத் தையல்காரி மூன்றாம் மாடியில் வாளியைத் தட்டித் தாளம் போட்டது தெரு முழுக்கக் கேட்டது. வாளிக்காரி தன் வாளியை முற்றத்தில் வைத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். ஐம்பது விநாடி. மறுபடி வைத்தாள். அதே ஐம்பது.

"பதினோரு நிமிஷமா இருந்தது ஐம்பதே விநாடியாச்சு, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்க?" என்றார் மெக்கானிக்.

"தங்கச்சி வீட்டுல முப்பத்தெட்டுதாங்க, நமக்குப் பன்னெண்டு விநாடி கூடுது" என்றாள் அவள். "அந்த ஸ்பேனரை எடுத்துட்டு வந்து வால்வைக் கொஞ்சம் பாருங்களேன்."