வாசலில் வாங்கி வைத்த போன்கள்

சாத்தூரில் என் செல்போன் கடைக்கு அவர் புதுப் போனோடு வந்தார். பட்டாசு கம்பெனி வாட்ச்மேன். போன் என் கையில் இருந்தபோதும், காலியான சட்டைப் பையைப் பொத்தியபடியே நின்றார். தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, ரிங்டோன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

"இது வேண்டாம் தம்பி. மருந்து கலக்குறவரோடது."

அடுத்ததைப் போட்டேன்.

"இதுவும் வேண்டாம். திரி வைக்கிற பிள்ளையோடது."

"யாரைச் சொல்றீக அண்ணாச்சி?"

"உள்ள போன் கொண்டு போகக் கூடாதுல்லா. எல்லாரும் வாசல் கேட்டுல எங்கிட்டதான் குடுத்துட்டுப் போவாக, பெட்டில போட்டு வைப்பேன். அன்னைக்கு வெடிச்சதும், பெட்டிக்குள்ள அம்புட்டுப் போனும் ஒண்ணா அடிச்சுச்சு. வீட்டுல இருந்து கூப்பிடுறாக. நான் எதை எடுத்து என்ன சொல்ல?"

சத்தத்தை நிறுத்தி, வெறும் அதிர்வில் வைத்துக் கொடுத்தேன். கையில் அதிர்ந்ததுமே மேஜைமேல் வைத்துவிட்டார்.

"பெட்டியும் இப்பிடித்தான் ஆடுச்சு."

கடைசியில், அழைப்பு வந்தால் விளக்கு மட்டும் மின்னும்படி மாற்றினேன். வாங்கிக்கொண்டு போனார்.

இப்போதும் யாருக்காவது ரிங்டோன் போட்டுக் காட்டும்போதெல்லாம், யாராவது அதை எடுத்துப் பேசிவிட மாட்டார்களா என்று இருக்கிறது.