மூன்று செத்தவீடும் ஒரு வாசலும்

செத்தவீட்டை வெளிநாட்டுக்கு நேரலையாக விடுகிற கடையில் கணினி பார்க்கிறவனுக்கு, வேலை ஒழுங்காக நடந்தால் நன்றி சொல்ல ஆளில்லை. பிழைத்தால் நாலு நாட்டிலிருந்து ஏச்சு வரும். சேர்வர்களோடு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

தனி வாசல்

ஒரேநாளில் மூன்று செத்தவீடு வருவதுண்டு. வீட்டுக்கொரு சேர்வர் வைத்திருந்தோம். அவற்றுக்கு முன்னால் வாசல்போல இன்னொன்று: ரிவேர்ஸ் புரொக்சி. கனடாவிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதனிடம்தான் வரவேண்டும். எந்த வீடு என்று பார்த்து உரிய சேர்வருக்கு அது அனுப்பிவிடும்.

உடுவிலில் தமையனைப் பறிகொடுத்த ஒரு பெரியவருக்கு இதை விளங்கப்படுத்தினேன். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப கண்ட கண்ட ஆக்களின்ரை செத்தவீட்டுக்கு வாற சனமும் எங்கடை சனமும் ஒரு வாசலாலையோ வாறது? எங்களுக்குத் தனி வாசல் போட்டுத் தாரும்."

உயிர் இருக்கிறதா?

உயிரோடு இருக்கிறாயா என்று வாசல் ஒவ்வொரு சேர்வரையும் இடைக்கிடை கேட்கும். அன்று உடுவில் சேர்வர் "ஓம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. படம் மட்டும் உறைந்துபோய்விட்டது. கடைசியில் ரொறன்ரோவிலிருந்து பெரியவரின் மைத்துனர் தொலைபேசி எடுத்தார். "கிடக்கிறவர் அசையாட்டில் பரவாயில்லை தம்பி, ஐயரும் அசையேல்லையே!"

முதலாளி அண்ணை கொதித்துப்போனார். இனி ஒரு சேர்வர் படுத்தால் சனத்தை அடுத்ததற்கு அனுப்பச் சொன்னார். அடுத்ததில் வேறு வீடல்லவா ஓடும் என்றேன்.

"ஏதோ ஒண்டு ஓடட்டும். கறுப்புத் திரையைக் காட்டினால் எங்களுக்குத்தான் கொள்ளி வைப்பாங்கள்."

கொழும்புத்துறை அம்மா

முதலாளி சொன்னபடி வாசலுக்கான கட்டளைகளில் ஒரு வரி சேர்த்தேன். பிறகொருநாள் கொழும்புத்துறையில் ஒரு அம்மா தவறிப்போனார். ஒரே மகன் பாரிசில். விசா இல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது. "பெட்டியை மூட முன்னம் முகத்தை வடிவாய்க் காட்டச் சொல்லுங்கோ தம்பி, வேறை ஒண்டும் வேண்டாம்" என்று மகன் காலையிலேயே கேட்டிருந்தார்.

வாய்க்கரிசி போடத் தொடங்க அந்தச் சேர்வர் படுத்தது. நான் சேர்த்த வரி மகனை, அதேநேரம் அடுத்த சேர்வரில் ஓடிய அளவெட்டிச் செத்தவீட்டில் கொண்டுபோய் விட்டது. அங்கேயும் ஒரு அம்மாதான். நான் சரிசெய்வதற்குள் கொழும்புத்துறையில் பெட்டியை மூடி எடுத்துவிட்டார்கள். பதிவும் படுத்த சேர்வரோடு போயிற்று. மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏசுவார் என்றிருந்தேன், ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"எங்கடை அம்மா இல்லை எண்டு பாத்தவுடனை தெரியும் தம்பி. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தன், அதுதான் வந்தது. அங்கை கொள்ளி வைக்க ஆரோ அயலவர்தான் நிண்டவர். அவவின்ரை பிள்ளையளும் வரேல்லைப் போலை. நிப்பாட்ட மனம் வரேல்லை. இருந்து அழுதனான்."

அந்த வரியை அடுத்தநாளே அழித்துவிட்டேன், அன்பர்களே. இனி எங்கள் கடையில் அவரவர் செத்தவீட்டில் அவரவர்தான் அழவேண்டும்.