ஒரு நட்சத்திரம் குறைவாக

என் அண்ணா கீர்த்தனனின் காரில் ஒரு தூசி பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. பனி கொட்டுகிற நாளில்கூட, ஏறுகிறவர்களின் சப்பாத்துக்கென்று தனி விரிப்பு வைத்து, மணிக்கொரு தரம் இறங்கி உதறுவார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு பதமாக நிறுத்துவார். அப்படிப்பட்ட மனிதருக்கு டாக்ஸிச் செயலிக்காரர் கடிதம் அனுப்பியிருந்தார்கள். பயணிகளுக்கு உங்கள் சேவை திருப்தியில்லையாம்.

வாசித்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கடைசி நூறு பயணங்களுக்குக் கிடைத்த நட்சத்திரங்களின் சராசரி ஐந்துக்கு 4.53. இரண்டு கிழமைக்குள், பதினான்கே நாளில், அது 4.6 ஆக ஏறாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்.

அண்ணா சுவிஸில், இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருடம் பாத்திரம் கழுவியவர். சவர்க்காரத் தண்ணீரில் கை வெடித்து வெடித்து, இனி அந்த வேலைக்கே போகக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் அட்லிஸ்வில்லுக்கு, என் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்து, ஜெர்மன் மொழியில் டாக்ஸிச் சோதனைக்குப் படித்தார். இரண்டு தரம் கோட்டைவிட்டார். மூன்றாம் தரம் பாஸ். இப்போது இந்தக் கணக்கையும் மூடினால், அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவது?

"இறங்கேக்கை ஐஞ்சு ஸ்டார் போடுங்கோ எண்டு சனத்திட்டைக் கேளுங்கோவன்" என்றேன்.

"சீ, அதென்ன பிச்சை கேக்கிற மாதிரி" என்றார்.

இந்த ஆளோடு கதைத்து வேலையில்லை. போனைப் பறித்து நானே பார்த்தேன். யார் எத்தனை போட்டார்கள் என்று செயலி காட்டாது, அந்தந்த நாளின் சராசரியைத்தான் காட்டும். விமான நிலையத்துக்கு ஓடிய நாட்களில் எல்லாம் ஐந்து. செவ்வாயும் வெள்ளியும் தொப்பென்று விழுகிறது. செவ்வாயும் வெள்ளியும் அண்ணா கோயிலடியில் நிற்கிற நாட்கள். பூசை முடிந்ததும் நம்முடைய தமிழ்ச் சனம் செயலியைத் தட்டும், பக்கத்தில் நிற்கிற அண்ணாவுக்கு அழைப்பு வரும். நானும் அப்படித்தான் அவருடைய காரில் ஏறுவேன், ஒரு பயணம் கூடட்டுமே என்று.

ஆக, குழி பறிப்பது வெள்ளைக்காரன் இல்லை. நம்முடைய ஆட்கள்.

அடுத்த வெள்ளி இரத்தினம்மா அன்ரியைப் பிடித்தேன். கோயிலில் வடை சுடுகிறவர், அண்ணாவின் காரைத் தவிர வேறு காரில் ஏறாதவர்.

"அன்ரி, அண்ணா ஓடுறதிலை உங்களுக்கு என்ன குறை?"

"குறையோ? அந்தப் பிள்ளை மாதிரி ஆர் ஓடுவினம்?"

"அப்ப எத்தினை ஸ்டார் போடுறனீங்கள்?"

"நாலு."

"ஏன் நாலு?"

உனக்கு இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தார். "முழுசாய்ப் போட்டால் கண்ணூறு, நாவூறு படாதோ? றோட்டிலை திரியிற பிள்ளை. ஒண்டைக் குறைச்சு விடுங்கோ எண்டு எல்லாருக்கும் நான்தான் சொன்னனான்."

தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம் போலிருந்தது. நாலு என்றால் செயலியில் ஃபெயில் மாதிரி என்று விளக்கினேன். அசையவில்லை.

"நாலு எப்பிடி ஃபெயிலாகும்? எங்கடை பேத்தி சிவானுஜா கணக்குப் பாடத்திலை நாலு எடுத்துத்தான் வகுப்பேறினவள்."

சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஆறுக்கு நாலு எடுத்தால் பாஸ்தான். அதை மறுக்கவா முடியும்? கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லி, அண்ணாவின் கையை நினைவுபடுத்தி, என் தொண்டை வறண்ட பிறகுதான் அன்ரியின் முகம் மாறியது. "நல்லது எண்டு நினைச்சுக் கெடுத்துப்போட்டன்" என்று கதிரையில் இருந்துவிட்டார். பிறகு வடை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னார். அன்றிலிருந்து ஐந்து ஐந்தாக விழுந்தது.

கடைசி நாளும் ஒரு வெள்ளிதான். மத்தியானம் 4.59. அண்ணா கோயிலிலிருந்து என்னை ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கினார். என் போன் நட்சத்திரம் கேட்டது. பெருவிரல் தானாகப் போய் நாலாவதின் மேல் நின்றது.

திடுக்கிட்டேன். பழைய பயணங்களைத் திறந்து பார்த்தேன். நான் போட்டது எல்லாம் நாலு. அன்ரி எனக்குச் சொல்லவுமில்லை, நான் யோசித்துச் செய்யவுமில்லை. எனக்கென்று இருப்பது ஒரே ஓர் அண்ணா. அவரை முழுதாக நல்லவர் என்று சொல்லிவிட என் கைக்கே பயம். இரண்டு கிழமையாகக் கோயில் சனம் முழுவதையும் ஏசித் திரிந்தவள் நான். வெட்கமாக இருந்தது.

ஐந்தாவதைத் தொட்டேன். சற்று நேரத்தில் அண்ணா தன் போனைத் திருப்பிக் காட்டினார். 4.60. இரண்டு கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். உடனேயே விமான நிலையத்துக்கு ஓர் அழைப்பு வந்தது.

"போயிட்டு வாறன், சஜீதா."

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்கோ."

"ஏன்? அங்கை ஆள் பாத்துக்கொண்டு நிக்குது."

"ரெண்டு நிமிசம்."

குசினிக்கு ஓடிப்போய் ஒரு பிடி உப்பும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தேன்.