மாணவர்களுக்கு மட்டும்

எங்கள் வீட்டில் மாணவர் என்று சொல்லிக்கொள்ள என்னை விட்டால் வேறு ஆளில்லை என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் சீருடை போடுவது நான். வீட்டுப்பாடம் செய்யாமல் மாட்டிக்கொண்டு முழிப்பதும் நான். அம்மாவும் அந்த வருடம் ஏதோ படித்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும். சனிக்கிழமை காலையில் தோளில் பையை மாட்டிக்கொண்டு எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் பெர்ரி ஏறி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஒரு கல்லூரிக்குப் போவார். ஆனால் அவருக்குச் சீருடை கிடையாது. கையெழுத்து வாங்கிவரச் சொல்லி யாரும் விரட்டுவதும் கிடையாது. அதையெல்லாம் படிப்புக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா படித்தது கிராஃபிக் டிசைன். படிப்பு தொடங்குவதற்கு முன்பே அந்தக் கிறுக்கு அவருக்கு இருந்தது. சாலையில் தொங்கும் பிறந்தநாள் பேனர், திருமண பேனர் எதையும் சும்மா விடமாட்டார். "முகத்துல வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கு, நிழல் பாரு அந்தப் பக்கம் விழுது" என்று பாதி சாலையில் நின்றுவிடுவார். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகருவார்.

அந்தப் படிப்பில் அம்மாவுக்கு இருந்ததைவிட அப்பாவுக்குப் பெருமை அதிகம். புக்கிட் தெங்காவில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில், எங்கள் வீட்டில் டிப்ளோமா படிக்கும் ஆள் இருப்பது காவலாளிவரை எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவையாவது யாருடைய படத்தையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒருவருக்கு மகளின் பிறந்தநாள் பேனர் வேண்டும். இன்னொருவருக்குப் புதுமனை புகுவிழாப் படத்திலிருந்து மச்சானை எடுத்துவிட வேண்டும். மச்சான் நின்ற இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தால் போதுமாம். அம்மா மடிக்கணினியில் ஒரு சாஃப்ட்வேரைச் சோதனைக்காக இலவசமாக இறக்கி அந்த மச்சானைப் பாதி அழித்திருந்தார். அதற்குள் இலவசக் காலம் முடிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் இருந்த மச்சான் அப்படியே பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் ஒரு திங்கட்கிழமை மாலை அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாகக் கைத்தொலைபேசியை நீட்டினார்.

"அந்த சாஃப்ட்வேருக்கு விலையில பாதிக்கு மேல கழிவு போட்டிருக்கான்! ஸ்டூடண்டுக்கு மட்டும்தானாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் லா, சீக்கிரம் வாங்கிடணும்."

மாணவர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் குதித்தேன். எனக்குத்தான் வாங்குகிறார்கள். வேறு யாருக்கு? மறுநாள் தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பு முழுக்க இந்தச் செய்தியைப் பரப்பிவிட்டேன். எல்லாருடைய படத்திலும் பூனைக் காது வைத்துத் தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

அம்மா குதிக்கவில்லை. அந்த விளம்பரத்தை மேலிருந்து கீழே வெகுநேரம் படித்தார். பிறகு, "பார்க்கலாங்க" என்றார். நான் பொம்மை கேட்டால் எங்கள் வீட்டில் கிடைக்கும் பதில் அது. அதற்கு அர்த்தம் 'கிடையாது' என்பதுதான். அப்பாவுக்கும் அந்த அர்த்தம் தெரியும். அதனால் அவரும் விழித்தார்.

அந்த வாரம் முழுவதும் ஒரே குழப்பம். மடிக்கணினி பழசு, தாங்காது என்றார் அம்மா. அப்பா தொழிற்சாலையில் கணினி பார்க்கும் பையனிடம் விசாரித்துவிட்டு, தாங்கும் என்று வந்து சொன்னார். படிப்பு முடிந்ததும் முழு விலை கேட்பார்கள் என்றார் அம்மா. அதற்குள் பேனர் செய்தே சம்பாதித்துவிடலாம் என்றார் அப்பா. கீழ் மாடியில் குடியிருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, "எதுக்குண்ணே இவ்ளோ யோசனை? மால்ல பத்து வெள்ளிக்கு சிடியில போட்டுத் தரானே" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. டிப்ளோமா படிக்கிறவள் திருட்டுச் சரக்கையா போடுவாள் என்று தங்கையைக் கடிந்துகொண்டார். அம்மா அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேண்டும் என்று கேட்பவருக்கு வேண்டாம் என்பார்கள். அதுதான் வீட்டு வழக்கம். இங்கே வாங்கிக்கொள் என்று அப்பா கெஞ்ச, ஆசைப்பட்ட அம்மா ஒளிந்து விளையாடினார். ஆசைப்பட்டதில் சந்தேகமே இல்லை. அந்த அரை மச்சானைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா நிபந்தனைகளைப் படித்துவிட்டு வந்தார். "மாணவர்னு காட்டணுமாம். காலேஜ் ஈமெயில்ல உள்ள போய், கார்டைப் படம் பிடிச்சு அனுப்புனா போதும். உன் கார்டு எங்கம்மா?"

"தேடணும்," என்றார் அம்மா. "எங்கயோ வச்சிட்டேன்."

காட்ட வேண்டும் என்றால் காட்டிவிட வேண்டியதுதானே? நான் அறைக்குள் ஓடிப்போய் நீலப் பினஃபோரையும் வெள்ளைச் சட்டையையும் மாட்டி, பெயர்ப்பட்டை குத்தி, காலுறை முதற்கொண்டு போட்டுக்கொண்டு வந்தேன். மடிக்கணினிக்கு மேலே இருந்த சின்னக் கேமராவுக்கு எதிரே விறைப்பாக நின்றேன். நான் மாணவி என்பதைக் கணினி தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "பேசாம இவ பேர்லயே வாங்கிடுங்களேன்" என்றார்.

"ஒம்பது வயசுக்குத் தரமாட்டான் லா. நீதான் ஸ்டூடண்டு. கார்டைத் தேடு. ஞாயித்துக்கிழமை உக்காந்து முடிச்சிடுவோம்."

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவுக்கு ஓவர்டைம். வழக்கமாக என்னைப் பார்த்துக்கொள்ளும் அத்தை ஒரு திருமணத்துக்குக் கெப்பாலா பத்தாஸ் போய்விட்டார். என்னைத் தனியாக விட வழியில்லாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கல்லூரியில் பெரியவர்கள் சீருடை இல்லாமல் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என எனக்கு ஏகப்பட்ட ஆர்வம்.

பெர்ரியின் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். கீழே கார்கள் வரிசையாக நின்றன. அம்மா அன்று நல்ல உற்சாகமாக இருந்தார். விரல்களைப் படச்சட்டம்போல் பிடித்துக்காட்டி, அதற்குள் என்னைப் பார்க்கச் சொன்னார். "அந்தக் கப்பலை எடுத்துடு. கடல் எவ்ளோ பெருசாத் தெரியும் பாரு. ஆனா எடுத்தா மட்டும் பத்தாது, எடுத்த எடத்துல தண்ணிய நாமதான் வரையணும், அலை ஒண்ணோட ஒண்ணு சேரணும். அதுதான் கஷ்டம்" என்றார். எங்கள் பள்ளியில் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தரும் ஆள் யாரும் இல்லை என்று நினைத்தேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். பஸ் வந்தது. கதவு திறந்தது. நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

"இன்னைக்குக் கிளாஸ் இல்லயாம்," என்றார்.

யாரும் வந்து சொல்லவில்லை. போனும் அடிக்கவில்லை. பக்கத்திலிருந்த தேநீர்க் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் அம்மா கேட்காமலேயே சீனி குறைத்த தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "என்னக்கா, இன்னைக்குத் துணைக்கு ஆள் வந்திருக்கு போல?" என்று என் கையில் ஒரு கறிப்பஃப்பைக் கொடுத்தார். வாராவாரம் பார்க்கும் ஆளிடம் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பேசினார். அப்புறம் திரும்பவும் பெர்ரி ஏறினோம். ஜார்ஜ்டவுன் கரை சேர்ந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி பட்டர்வொர்த்துக்கே வந்தோம். வகுப்பு முடியும் நேரம் வரைக்கும் கடலில் போய்வந்துகொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நல்ல சனிக்கிழமை அதுவரை வந்ததில்லை.

அந்த ஆனந்தத்தை அடக்கிவைக்க என்னால் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா குளித்து, திருநீறு பூசி, மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். விளம்பரத்தின் மேலே சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அம்மா சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பெர்ரி, கறிப்பஃப், கப்பலை எடுத்துவிட்ட கடல்.

"பஸ்ஸு வரலையா?" என்று கேட்டார் அப்பா.

"வந்துச்சு. நாங்கதான் ஏறல. கிளாஸ் இல்லயாம். ஆனா பாருங்கப்பா, அந்தத் தேத்தண்ணிக் கடை அங்கிளுக்கு அம்மாவை நல்லாத் தெரியுது. கேக்காமலே சீனி கம்மியாப் போட்டுக் கொண்டாந்தாரு."

அப்பா மௌஸை விட்டுக் கையை எடுத்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ஊசி போட்டுக்கொள்ள உட்காரும்போது எனக்கு இருக்குமே, அந்த மாதிரி முகம். "என்னங்க, அந்தக் கார்டு..." என்று தொடங்கினார்.

"கழிவு முடிஞ்சிருச்சும்மா," என்றார் அப்பா. "இப்பதான் பார்க்கிறேன். நேத்தோட முடிச்சிட்டான்."

நான் பதறிப்போனேன். "இல்லப்பா, இன்னும் ஓடுது! செகப்பா இருக்கு பாருங்க!"

அப்பா மடிக்கணினியை மூடினார். "அது தப்பா ஓடுது" என்றார். அம்மா அப்பாவையே பார்த்தார். அப்பா எழுந்து அம்மாவுக்குப் பின்னாலேயே சமையலறைக்குப் போய்விட்டார்.

நடந்தது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே அவர் வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தார். உடன் படித்த பிள்ளைகள் யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தாலாவது பரவாயில்லை என்றிருக்கும். பாசமாக இருந்தார்கள். குழுவாகச் செய்யும் வேலை வந்தால், "ஆன்ட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க லா, நாங்க செஞ்சிட்டு உங்க பேரைப் போட்டுடறோம்" என்று அவரை ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். தான் தொடாத வேலைக்குத் தன் பெயரோடு மதிப்பெண் வந்த அன்று அம்மா கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அப்பாவிடம் சொல்லப் பலமுறை வாயெடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அப்பா ஆசையோடு இன்னொரு படத்தை நீட்டியிருக்கிறார்.

ஒன்பது வயதில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. அப்பா பொய் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். எண்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதை அப்படியே தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனேன். அடுப்பு அணைந்திருந்தது. அம்மா அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாஃப்ட்வேர் கிடைக்கவில்லை என்பதற்கா இப்படி அழுவார்கள்? எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அழாதீங்கம்மா," என்றேன். "அடுத்த வருஷமும் கழிவு போடுவான். அப்பவும் நீங்க ஸ்டூடண்டுதானே?"

அதைக் கேட்டு அம்மா இன்னும் பெரிதாக அழுதார். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மாவையும் மாணவர் என்று நான் முதன்முதலாக ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அதற்கு ஏன் இப்படி அழுகிறார் என்று விளங்காமல், மடிக்கணினியோடு வாசலிலேயே நின்றேன்.