சுவரை மூடிய கூறைச் சேலை

ஒரு பெண் என்னை நம்பிச் சொன்ன சொற்களை நான் விழுங்கினேன். அவர் சொல்லாததைச் சொன்னேன். அதைத்தான் ஓர் ஆங்கிலேயர் புத்தகத்தில் எழுதினார்.

இதுவரை ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... எந்தக் கண்ணால் என்னைப் பார்ப்பீர்களோ!

அவர் பெயர் ஜெஃப்ரி. இங்கிலாந்தில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, கப்பலில் அலைந்து, பத்திரிகைகளுக்கு எழுதி, பிறகு ஏழைகள் வாழும் நகரங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியவர். அந்தப் புத்தகங்களைக் காட்டியே ஆலோசகருமானார். கனடாவின் ரொறன்ரோவில் அகதிகளுக்கு வீடு கொடுப்பது பற்றி ஆலோசனை கேட்டு ஓர் அலுவலகம் அவரை அழைத்திருந்தது.

நானும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். அவருக்கு அது புத்தக அட்டையில் போடுகிற பெருமை. எனக்கோ, யாரும் கேட்டுவிடுவார்களோ என்று பதறுகிற வெட்கம்!

அந்நகரின் அஜின்கோர்ட் பகுதியில் நான் கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடைக்கு அவர் தோசை சாப்பிட வந்தார். "இங்கிலீஷ் தெரிஞ்ச ஆரும் நிக்கிறியளோ?" என்று முதலாளி குசினிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். ஏன் போனேன்? ஒரு நாளாவது படித்தவனாக நிற்க ஆசை... வேறென்ன!

நான் குடியிருந்த வீட்டின் நிலத்தடி பேஸ்மென்டில் மலர் அக்கா இருந்தார். கணவரை ஊரில் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு வந்தவர். அகதிக் குடும்பம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஜெஃப்ரியை அவரிடம்தான் கூட்டிப்போனேன்.

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா காலையிலேயே புளீச் ஊற்றித் தரையைத் தேய்த்தார். ஒழுக்குக்கு வைத்த வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்த சுவரின் மேல் தம் கல்யாணக் கூறைச் சேலையைத் தொங்கவிட்டார்.

"வாற மனுசன்ரை கண்ணிலை உதுவோ தம்பி முதல்லை படவேணும்?"

வடையும் சுட்டார். அவர் படும் பாட்டில் கண்ணால் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் வாய்ச்சொல் மட்டும்தான் மிச்சம். அதற்கு என்னை விட்டால் வழியில்லை.

ஜெஃப்ரி வடையைக் கடித்தபடி, இங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டார். அக்கா சிரித்த முகத்தோடுதான் சொன்னார். விருந்தாளிக்கு முன்னால் முகத்தைச் சுளிப்பாரா?

"சுவரெல்லாம் ஈரம். பிள்ளைக்கு இழுப்பு, மூச்செடுக்க மாட்டாமல் கிடந்து தவிக்குது. வீட்டுக்கார அண்ணையிட்டைச் சொன்னால், விருப்பமில்லாட்டி வீட்டை விட்டு எழும்பு எண்டுறார். அரசாங்க வீடு ஒண்டு கிடைக்க வழிபண்ணச் சொல்லுங்கோ தம்பி. கும்பிட்டுக் கேக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

மேலே வீட்டுக்காரரின் காலடிச் சத்தம் எங்கள் தலைக்கு நேரே வந்து... நின்றது.

என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. வீட்டுக்காரரின் முகவரிதான் என் முகவரி. வேலையும் அவர் பிடித்துத் தந்தது. காது கொடுத்துக் கேட்கிறாரோ? என்னையும் எழுப்பிவிட்டால்? வழக்குக் கடிதம் எந்தக் கதவைத் தேடி வரும்?

"சந்தோசமாக இருக்கிறாராம். சொந்தச் சனத்தோடு இருப்பதே போதுமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஜெஃப்ரி அக்காவைப் பார்த்தார். அக்கா கும்பிட்டுச் சிரித்தார். ஜெஃப்ரி எழுதிக்கொண்டார்.

படியேறி வந்தபோது வீட்டுக்காரர் மறித்தார். "என்னடா தம்பி, உவள் வெள்ளைக்காரனிட்டை என்னத்தை அவிட்டு விட்டவள்?"

"ஒண்டுமில்லை அண்ணை. வடை நல்லாயிருக்கெண்டு அந்தாள் சொன்னது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை! டீவியில் ஏதோ பார்க்க நின்றிருக்கிறார்... அவ்வளவுதான்!

புத்தகம் வந்தது. பட்டுச் சேலை தொங்கும் சுவர், சிரிக்கும் பெண், நிலத்துக்கடியில் ஒரு மாளிகை என்று எழுதியிருந்தார். இவர்களை இடம் மாற்றுவது இரக்கமாகாது என்பது அவருடைய ஆலோசனை. அலுவலகமும் அதை ஏற்றது, அரசாங்க வீட்டு வரிசையில் எங்கள் பேஸ்மென்ட் சனங்களின் முறை பின்னுக்குப் போயிற்று. ஜெஃப்ரி அடுத்த நகரத்துக்கு ஆலோசனை சொல்லப் போய்விட்டார். அந்தச் சேலையை ஒரு தரமாவது தூக்கிப் பார்த்தாரா? ஆனால் அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை!

அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். "என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்? வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி."

விரித்தேன். அன்றைக்கு அக்கா சொன்னதையே, ஈரம், இழுப்பு, கும்பிட்டுக் கேட்டது எல்லாவற்றையும், பக்கத்தைப் பார்த்து வாசிப்பதைப் போல அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

அக்கா அழுதார். "ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறாரே! உவரல்லோ மனுசன்!"

புத்தகத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அரசாங்க வீட்டுக்காக இன்னும் காத்திருக்கிறார். அன்றைய கைக்குழந்தை, மகள் தர்சினி, இழுப்புக்கு வாயில் அடிக்கிற பம்ப் வைத்திருக்கிறாள். இப்போது இரண்டாம் வகுப்பு. போன கிழமை பால் பெட்டியில் இருந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"இனி உங்களைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை தம்பி. அந்தப் புத்தகத்தைப் பிள்ளையே எனக்கு வாசிச்சுக் காட்டுவாள்."

ஓம் அக்கா என்று தலையாட்டினேன்... தர்சினி அடுத்த சொல்லை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.