சரிவில் பழகிய வீச்சு

மஸ்கெலியா பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு நான் வேன் ஓட்டினேன். கோல்ஃப் விளையாட்டைப் புத்தகம் படித்தே கற்றுக்கொள்வேன் என்று கிளம்பியவர் அவர். பெருத்த வயிறு, சாயம் பூசிய மீசை, கடைக்குள்ளும் கழற்றாத வெள்ளைத் தொப்பி. ஆணி வாங்க வந்தவர்கள் காத்துக் கிடக்க, இவர் கல்லாவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மட்டையைப் பிடித்துப் பார்ப்பார்.

தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் பயிற்சி. பந்து வைத்தால் உருண்டு தேயிலைக்குள் போய்விடும் என்பதால் வெறும் வீச்சுதான்.

"ஒரு வாத்தியார வச்சுப் பழகலாமே முதலாளி?" என்று கேட்டேன்.

"புத்தகம் எழுதினவன விடவா அவனுக்குத் தெரியும்?" என்றார்.

ஒரு நாள் அவரை நுவரெலியா கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சமதரையில் பந்தை வைத்தார்கள். இவர் இடது முழங்காலை மடக்கி, வலது காலை விறைத்து, இல்லாத மேட்டில் ஏறுகிறவர் மாதிரி நின்றார். வீட்டுச் சரிவைக் காலோடு கொண்டுவந்திருக்கிறார் மனுசன். வீசினார். புல் பெயர்ந்து பறந்தது, பந்து அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன முதலாளி ஆச்சு?"

காலடியை உற்றுப் பார்த்தார்.

"இங்க தரை கோணலா இருக்கு தம்பி."

வீடு திரும்பியதும் மட்டையோடு நேரே பின்பக்கம் போனார். அந்தச் சரிவில் நின்று ஒரு தடவை வீசினார். உடம்பு துளியும் ஆடவில்லை, காற்று சீறியது. அப்படியொரு அழகான வீச்சை நான் அந்த மைதானத்தில்கூடப் பார்க்கவில்லை. பந்துதான் இல்லை.