பிரவீனா கடலுக்குப் போகும் ஞாயிறு

நல்ல தண்ணீர் நிரப்பிய பெரிய பக்கெட்டில், கடலில் முக்குளிக்கப் போடும் ரப்பர் உடையை முக்கி முக்கி எடுக்கிறாள் பிரவீனா. பிழியக் கூடாதாம், பிழிந்தால் வெடித்துவிடுமாம். "கொழந்தையக் குளிப்பாட்டித் தூக்கற மாதிரி தூக்கணும்க்கா" என்றபடி இரண்டு கையாலும் ஏந்தி, மொட்டைமாடிக் கொடியில் போடுகிறாள். கையும் காலும் வைத்து ஆள் உயரத்துக்கு இருக்கிற கறுப்பு உடை. ஐயம்பேட்டையில் அந்தத் தெருவின் மற்ற மாடிகளில் புடவையும் பள்ளிச் சட்டையும் காய்கின்றன. பக்கத்து மாடியில் கமலாட்சி வீட்டார் சாயம் போட்ட பட்டு நூலை மூங்கிலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"அந்தாண்ட தள்ளிப் போடும்மா. உப்புத் தண்ணி பட்டா சாயம் போயிடும்" என்றார் கமலாட்சி.

பிரவீனா தள்ளிப் போட்டாள். அவள் படியிறங்கியதும் கமலாட்சி என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தியதாகத்தான் நினைத்திருப்பார். "புருசன முழுங்குன கடலுக்கே போயி ஆடிக்கினு வரா பாரு. அதுவும் ஞாயித்துக்கெழம, சர்ச்சுக்குப் போவாம."

படியில் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கிப் போனது.

பிரவீனா டயாலிசிஸ் டெக்னீஷியன். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. என் அண்ணனுக்குச் சிறுநீரகம் போனதிலிருந்து நான் அவரை அங்கே அழைத்துப் போகிறேன். பழக்கம் அப்படி வந்ததுதான். ஊசி குத்துவதற்கு முன் நோயாளியின் முன்கையில் இரண்டு விரலை வைத்து, தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று ஓடுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்ப்பாள். "ஓடுது, ஓடுது. சூப்பரா ஓடுது" என்பாள். அதைக் கேட்டாலே பாதி பேருக்குத் தெம்பு வந்துவிடும்.

அந்த அறையில் மெஷின்களின் இரைச்சல் அதிகம். அதனால் தூரத்தில் இருக்கிறவர்களிடம் கையால்தான் பேசுவாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினால் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்கிறாள். திருப்பி வளையம் காட்டினால் நலம். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் பேசிக்கொள்ளும் பாஷை அது. தணிகாசலம் என்று ஒரு நெசவாளர் ஒருநாள் வளையத்துக்குப் பதில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

"தணிகாசலண்ணா, அது தப்பு. அதுக்கு 'மேல போறேன்'னு அர்த்தம். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது, அதுக்குள்ள எங்க போறீங்க?"

படுத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம்தான் அதிகம் சிரித்தார். "போறப்போ உன்கிட்ட சொல்லிட்டுத்தாம்மா போவேன்" என்றார். பிரவீனா சிரிக்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடல் அவளுக்கு வந்தது தற்செயலாக. மருத்துவமனை ஊழியர்கள் ஒரு வருடம் புதுச்சேரிக்குச் சுற்றுலா போனார்கள். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கடலுக்குள் இறங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரவீனா மட்டும் மேலே வந்ததும் இன்னொரு தரம் இறக்கிவிடச் சொன்னாள். அப்புறம் லீவு கிடைத்தபோதெல்லாம் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் முறையாகக் கற்றுச் சான்றிதழ் வாங்கினாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கீழ யாரும் கூப்ட மாட்டாங்கக்கா. மெஷின் அலாரம் இல்ல, போன் இல்ல, 'பிரவீனா, அரிசி கொதிச்சிடுச்சு பாரு'ன்ற சத்தம் இல்ல. நம்ம மூச்சு சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்றாள்.

கணவர் டேனியல் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். நீச்சல் தெரியாது. கணுக்கால் நனைந்தால் போதும், கரைக்கு வந்துவிடுவார். ஆனாலும் பலமுறை அவளோடு புதுச்சேரிக்குப் போய், மகள் ஜோதிகாவை மடியில் வைத்துக்கொண்டு, படகு திரும்பும்வரை நிழலில் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாராம்: "காசு குடுத்து மூச்சு வாங்கறவ காஞ்சிபுரத்துலயே என் பொண்டாட்டி ஒருத்திதாம்பா."

அவருக்குக் கப்பல் மேல் ஆசை. பதினைந்தாவது கல்யாண நாளுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போய்வரும் சொகுசுக் கப்பலில் நான்கு டிக்கெட் எடுத்தார். பிரவீனா, ஜோதிகா, தன் அம்மா கங்கையம்மாள், தான்.

"தண்ணிக்குள்ள எறங்காம வர்றதுக்கு எதுக்குங்க கடலுக்குப் போவணும்?" என்றாள் பிரவீனா.

"தண்ணிக்குள்ள எறங்கறதுக்கு எதுக்குடி கப்பல்?" என்றார் டேனியல்.

கடைசியில் ஒத்துப்போனார்கள். கப்பல் திருகோணமலையில் காலையில் நின்று சாயங்காலம் கிளம்பும். அந்த இடைவெளியில் ஒரே ஒருமுறை அவள் முக்குளிக்கலாம். மற்ற நேரம் முழுக்க வீட்டு ஆட்களோடு இருக்க வேண்டும். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பஸ், கோட்டைக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் போவதாக இருந்தது. அதில் போனால் மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து உட்கார முடியாது. பிரவீனா வாரக்கணக்கில் தேடி, நல்ல கடற்கரையை ஒட்டியே படகு விடுகிற ஒரு முக்குளிப்புக் கூடத்தைக் கண்டுபிடித்தாள். அவள் போய்வரும்வரை மூன்று பேரும் அதே கரையில் இருக்கலாம். திரும்பியதும் அங்கேயே மீன் சாப்பாடு. எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்தப் பஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

கப்பலில் முதல் நாள் கங்கையம்மாள் லிஃப்டை விட்டு இறங்கவில்லையாம். மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தார். டேனியல் புது வேட்டியில் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். கம்பியைத் தாண்டி எட்டிப் பார்க்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றார்.

திருகோணமலையில் பிரவீனா தண்ணீருக்குள் இறங்கிய நேரம் நன்றாக இருந்தது. "அன்னைக்குத்தான்க்கா மொத மொத ஆமையப் பாத்தேன். புதுச்சேரில கலங்கலா இருக்கும். அங்க கண்ணாடி மாதிரி. என் பக்கத்துலயே நீந்திக்கினு வந்துது. இவங்க கிட்ட போயி எப்டி சொல்லணும்னு கீழயே யோசிச்சிக்கினு இருந்தேன்."

படகு கரைக்குத் திரும்பும்போது மணலில் ஒரு கூட்டம் தெரிந்தது. பெரிய மீன் ஏதோ மாட்டியிருக்கிறது என்று நினைத்தாளாம்.

அவள் இல்லாத நேரத்தில் டேனியல் ஒரு காரியம் செய்திருந்தார். கரையோரக் கடையில் கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் வாடகைக்கு எடுத்தார். "அவ வர்றதுக்குள்ள நானும் ஒரு மீனப் பாத்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார். மார்பளவுத் தண்ணீர். நின்றபடி முகத்தை வைத்து வைத்து எடுத்தார். பிறகு தைரியம் வந்து, கையை விரித்துக் குப்புற மிதந்தார். ஜோதிகா மணலில் நின்று போனில் அதைப் படம் பிடித்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "ஆயா, அப்பா மீன் பாக்குறாரு பாரு, எவ்ளோ நேரம் பாக்குறாரு பாரு" என்று அவள் குரல் அதில் இருக்கிறது. கங்கையம்மாள் சிரிக்கிற சத்தமும் இருக்கிறது. அசையாமல் மிதந்தது மீனை மிரட்டாமல் இருக்க என்றுதான் இருவரும் எண்ணினார்கள். குழாயில் தண்ணீர் ஏறியதா, பயத்தில் காலை ஊன்ற மறந்தாரா, யாருக்கும் தெரியாது. கடைக்காரர்தான் சந்தேகப்பட்டு ஓடிப்போய்ப் புரட்டினார்.

பிரவீனா படகிலிருந்து குதித்து வந்து, உடையைக்கூடக் கழற்றாமல் கணவரின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். மருத்துவமனையில் பலருக்குச் செய்திருக்கிறாள். கங்கையம்மாளுக்கு அது புரியவில்லை. தன் பிள்ளை மேல் கறுப்பாக ஏதோ ஒன்று கவிந்து அமுக்குவதுதான் தெரிந்தது. "அமுக்காதடி, என் புள்ளைய அமுக்காதடி" என்று அவள் முடியைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் அவளிடமிருந்து அவரைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். வெகுநேரம் ஆகவில்லை, வெளியே வந்து சொன்னார்கள்.

கப்பல் காத்திருக்காது. அதிகாரி ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். உடலை ஒப்படைக்கச் சில நாள் ஆகும். யாராவது ஒருவர் தங்கினால் போதும். மற்றவர்கள் கப்பலிலேயே ஊர் திரும்புவது நல்லது. கங்கையம்மாள் பிணவறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். "நான் வரல. என் புள்ள கிட்டயே இருக்கேன். நீ உன் பொண்ணக் கூட்டிக்கினு போ."

"போலீஸ் கேட்டா என்ன சொல்லுவ அத்த? எங்க கையெழுத்து போடுவ? எங்க தூங்குவ? இந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவாங்க? எழுந்திரு" என்றாள் பிரவீனா.

தான் அங்கே தங்கிக்கொண்டு, அவரைக் கையைப் பிடித்துத் தூக்கி, ஜோதிகாவோடு கப்பலுக்குப் போகும் வண்டியில் ஏற்றியதும் அவள்தான். அதை இன்றுவரை கங்கையம்மாள் மன்னிக்கவில்லை. முக்குளிக்கப் போனதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். "ஒரு ராத்திரி என் புள்ள பக்கத்துல உக்கார வுடலம்மா அவ. பாட்டு பாடற கப்பல்ல ஏத்தி அனுப்சிட்டா."

பாட்டு மட்டுமில்லை. கல்யாண நாளன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரும்படி டேனியல் முன்கூட்டியே ஒரு கேக் சொல்லி வைத்திருந்தார். விஷயம் தெரியாத பரிமாறுகிற பையன்கள் மெழுகுவத்தி ஏற்றி, கைதட்டிப் பாடிக்கொண்டே அதைக் கொண்டுவந்து பாட்டிக்கும் பேத்திக்கும் எதிரே வைத்தார்கள். டேனியல் – பிரவீனா என்று எழுதியிருந்தது. மெழுகுவத்தி தானாக அணைகிறவரை ஜோதிகா பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிரவீனாவுக்கு இதைச் சொன்னவள் அவள்தான், பல மாதம் கழித்து, கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருக்கும்போது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. முதல் வருடம் பிரவீனா கடல் இருக்கும் திசைக்கே போகவில்லை. பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற ஆரம்பித்தாள். தெருவுக்கு அது தாங்கவில்லை. சபையில் ஒருத்தி நேருக்கு நேராகவே கேட்டாள்: "அப்டி என்னா இருக்குது அங்க? இன்னும் ஆச அடங்கலையா?"

போன மாதம் நானும் கூடப் புதுச்சேரிக்குப் போனேன். படகில் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் சிலிண்டர் கட்டிக்கொண்டு கீழே போனார்கள். மற்றவர்கள் முகமூடியும் குழாயும் வைத்து மேலே மிதந்தார்கள். பிரவீனா கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கீழே போகவில்லை. தலையை வெளியே வைத்துக்கொண்டு, மிதப்பவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொருவர் தோளையும் தட்டுவாள். அவர் தலையைத் தூக்கி வளையம் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்தவர். சலித்துக்கொண்ட ஒரு இளைஞனிடம், "திட்டுப்பா, பரவால்ல. திட்டிட்டு கையக் காட்டு" என்றாள். வெயில் ஏறி, கடைசி ஆள் படகில் ஏறும்வரை அப்படியே. அங்கிருக்கும் முக்குளிப்புக் கூடத்தார் அவளை வேலைக்கு வைக்கவில்லை. வருகிறாள், செய்கிறாள், விட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "நீ கீழேயே போறதில்லையா?"

"இல்லக்கா. அதுக்கப்புறம் ஒரு தடவ கூட போவல."

"அப்ப ஊர்ல சொல்லலாமே. கமலாட்சி அப்படிப் பேசுறாங்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியில் உப்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. "சொன்னா 'ஐயோ பாவம்'னுவாங்கக்கா. அதுக்குத் திட்டறதே தேவலாம்."

இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்றேன். "எழுதிக்க. எங்க தெருவுல யாரு பத்திரிகை வாங்கறாங்க?" என்றாள்.

சென்ற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அது கடலுக்குப் போகாத ஞாயிறு. சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. கங்கையம்மாள் முன்னறையில் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜோதிகா நடு அறையில் பாயில் பாடப்புத்தகத்தோடு படுத்தவள், அப்படியே குப்புறத் தூங்கிப்போயிருந்தாள். பதினான்கு வயதுக்கு நல்ல உயரம். பிரவீனா எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மருத்துவமனையில் ஷிஃப்டை மாற்றியதால் வந்த தொல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, முட்டியால் நகர்ந்து போய் மகளின் தோளைத் தொட்டாள்.

"மூச்சு வுட்டுக்கினுதாம்மா இருக்கேன்" என்றாள் ஜோதிகா, கண்ணைத் திறக்காமல். எரிச்சல் ஏதும் இல்லை அந்தக் குரலில். புரண்டு மல்லாந்து படுத்துக்கொண்டாள். உடனே மறுபடியும் தூங்கிப்போனாள்.

"சரி, தூங்கு" என்றாள் பிரவீனா. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து ஷிஃப்ட் கதையைத் தொடர்ந்தாள். கையை மட்டும் மகளின் வயிற்றின் மேலிருந்து எடுக்கவில்லை.